அலியின் மனசு தளரவே இல்லை



கல்லிடைக்குறிச்சியில் நடந்த நம் வாசகர் கூட்டத்தில் இதழைப் பற்றிப் பேசியதைவிடக் கானர் மெக்ரிகோரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். எனக்கு அதில் சந்தோஷமே. இருபது வயதுப் பிள்ளைகள் கூட்டத்துக்கு வந்து, பெரியவர்களோடு சரிக்குச் சரி நின்று வாதாடுவதைப் பார்க்க எந்தப் பத்திரிகைக்காரனுக்குத்தான் ஆசை இருக்காது?

அன்று வராதவர்களுக்காக ஒரு சுருக்கம். மெக்ரிகோர் அயர்லாந்துக்காரர். குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டையில் யு.எஃப்.சி. என்ற போட்டி நிறுவனத்தின் இரண்டு எடைப்பிரிவுப் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் ஆள். 2015 டிசம்பரில் ஜோஸே ஆல்டோவைப் பதின்மூன்று விநாடியில் சாய்த்தவர். 2018இல் கபீபிடம் தோற்றார். 2021இல் டஸ்டின் போரியேயிடம் இரண்டு முறை தோற்றார். இரண்டாவது முறை கால் எலும்பே முறிந்துவிட்டது. 2024 ஜூனில் திரும்பி வருவதாக அறிவித்த சண்டையும் கால்விரல் காயத்தால் நின்றுபோனது.

“காசு கூடிட்டு அண்ணாச்சி, பசி போயிட்டு. பசி போனவன் எப்படி அடிப்பான்?” என்றார் ஒரு தம்பி. “கால் முறிஞ்சு கெடந்தவன்கிட்டப் போய் மனசைப் பத்திப் பேசுதியே, இது நியாயமாலே?” என்று கேட்டார் இன்னொருவர். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் உடம்பு, இன்னொரு பக்கம் மனசு. என் கருத்தைக் கேட்டார்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்தப் பக்கத்தை அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

மெக்ரிகோரின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து நம்மால் சொல்ல முடியாது. குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கதை அப்படியில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை நம் முன்னால் திறந்து கிடக்கிறது. அவர் நம் மாநிலத்துக்கே வந்து போனவர். 1980இன் தொடக்கத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கில், முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். அப்போது அலிக்கு வயது 38. ஓய்வு அறிவித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சென்னை பார்த்தது ஓய்வுபெற்ற அலியை. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, லாஸ் வேகாஸில், அவர் மறுபடியும் வளையத்துக்குள் ஏறினார்.

அந்த இரவுக்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அலியின் இளமைக்காலப் பலம் கால்கள். அடி விழும் இடத்தில் அவர் இருக்க மாட்டார். 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் அவருடைய சாம்பியன் பட்டத்தைப் பறித்தார்கள். மூன்றரை ஆண்டுகள் சண்டையே இல்லை. திரும்பி வந்தபோது கால்களில் பழைய வேகம் குறைந்திருந்தது. அப்போதுதான் தன்னிடம் இன்னொரு பலம் இருப்பதை அவர் கண்டுகொண்டார். எவ்வளவு அடித்தாலும் அவரால் தாங்க முடிந்தது. 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று, ஜார்ஜ் ஃபோர்மன் அடித்து அடித்துக் களைத்துப்போகும்வரை வாங்கிக்கொண்டார். எட்டாவது சுற்றில் ஃபோர்மன் விழுந்தார். உலகமே கைதட்டியது. அன்று முதல் அடி வாங்குவதே அவருக்கு உத்தியாகிவிட்டது. பென்சில்வேனியாவில் டீர் லேக் என்ற இடத்தில் இருந்த அவருடைய பயிற்சி முகாமிலும், உடம்பு உரம் ஏற வேண்டும் என்று கூடப் பயிற்சி செய்பவர்களை அடிக்கச் சொல்லி வாங்கிக்கொள்வார்.

1975 அக்டோபர் 1, மணிலா. ஜோ ஃப்ரேசியருடன் பதினான்கு சுற்று. பதினைந்தாவதுக்கு ஃப்ரேசியர் எழ நினைத்தபோது, கண் வீங்கி மூடிக்கொண்ட அவரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் எழவிடவில்லை. சண்டையை நிறுத்திவிட்டார். மணிலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அலியின் உறுதியையும் ஃப்ரேசியரின் உறுதியையும் எழுதுவார்கள். எனக்கு அந்த இரவில் எல்லோரையும்விடப் பெரியவராகத் தெரிபவர் ஃபட்ச்தான்.

எம்.எம்.ஏ. பார்க்கும் தம்பிகள் தேடிப் பார்க்க வேண்டிய ஒரு சண்டை 1976 ஜூன் 26ஆம் தேதி டோக்கியோவில் நடந்தது. அலிக்கு எதிராக ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகி. குத்துச்சண்டைக்காரனும் மல்யுத்தக்காரனும் ஒரே வளையத்தில் மோதினால் என்ன ஆகும் என்ற கேள்விக்காக நடந்த பந்தயம். இன்றைய எம்.எம்.ஏ.வின் முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். இனோகி பதினைந்து சுற்றிலும் பெரும்பாலும் தரையில் மல்லாந்து கிடந்தபடி அலியின் கால்களை உதைத்துக்கொண்டே இருந்தார். முடிவு சமன். அலியின் கால்களில் ரத்தம் கட்டி, மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. மூன்று மாதத்தில் கென் நார்ட்டனுடன் அடுத்த சண்டை.

1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸுடன் சண்டை. அலி ஜெயித்தார். ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு மேடிசன் ஸ்கொயர் கார்டனில் போட்டிகளை ஏற்பாடு செய்துவந்த டெடி பிரென்னர், இனி அலிக்கு இங்கே சண்டை இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகம் கெட்டு வருவதைக் காட்டும் பரிசோதனை முடிவை அலிக்கும் அவர் மனைவிக்கும் மேலாளருக்கும் அனுப்பினார். பதில் இல்லை. மருத்துவர் விலகிக்கொண்டார். மற்றவர்கள் கூடவே இருந்தார்கள்.

பாபநாசம் அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று தினமும் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் நம் பக்கத்தில் நடவைப் பற்றி யோசிக்கிறோம். மூளைக்கு அப்படி ஓர் அளவுகோல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அலியின் பேச்சில் அது பதிவாகியிருந்தது. பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஆய்வாளர்கள் அவருடைய பழைய பேட்டிகளை எடுத்து வைத்து எண்ணினார்கள். 26 வயதில் விநாடிக்கு 4.1 அசை பேசியவர் 39 வயதில் 3.0 அசைதான் பேசியிருக்கிறார். பேச்சுக்குப் பேர்போன அந்த வாய், எல்லோர் காதும் கேட்கவே மெதுவாகிக்கொண்டிருந்தது.

இனி லாஸ் வேகாஸ். எதிரே லாரி ஹோம்ஸ். டீர் லேக்கில் அலியோடு பயிற்சி செய்து வளர்ந்தவர். சண்டைக்கு முன் மேயோ கிளினிக்கில் அலியைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கைத் தொடுவதில் சிறு பிசகும், ஒற்றைக்காலில் துள்ளுவதில் தடுமாற்றமும் அறிக்கையிலேயே இருந்தன. ஆனாலும் உரிமம் கிடைத்தது. எடை சுமார் 98½ கிலோ. ஃபோர்மனை வென்ற நாளின் எடையை ஒட்டி. தொப்பை இல்லை, முகம் இளமையாக இருந்தது. பார்த்தவர்கள் பழைய அலி வந்துவிட்டார் என்றார்கள். அந்த எடை, தைராய்டு மாத்திரைகளை அளவுக்கு மிஞ்சி விழுங்கியதால் வந்தது. வெப்பத்தை வெளியேற்ற முடியாமல், நீரும் தசையும் வற்றிய உடம்போடு அவர் வளையத்தில் நின்றார். பத்து சுற்றையும் மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். அலி ஒரு முறைகூட விழவில்லை. பத்தாவது முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போதும் என்றார். கூட இருந்த பண்டினி பிரவுன், இன்னும் ஒரு சுற்று என்று அவரிடம் மன்றாடினார்.

1981 டிசம்பரில் இன்னும் ஒரு சண்டை, இன்னும் ஒரு தோல்வி. 1984இல் பார்கின்சன் நோய் என்று உறுதிசெய்தார்கள். அதில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. வாங்கிய அடிகள் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

தம்பி, பசி போனதால் வீரன் விழுகிறான் என்றீர்கள். அலிக்குப் பசி கடைசிவரை போகவே இல்லை. மனசு ஒரு நாளும் தளரவில்லை. தளர்ந்திருந்தால் மணிலாவோடு வீட்டுக்குப் போயிருப்பார். நாம் மனவலிமை என்று கொண்டாடியதுதான் அவரை உள்ளே நிற்க வைத்தது, அடி வாங்க வைத்தது, ஹோம்ஸின் முன்னால் பத்தாவது சுற்றுவரை நிமிர்த்தி வைத்தது. ஒரு வீரன் தாமதமாக நகர்வதைப் பார்த்ததும் ‘திமிர்’, ‘பயிற்சி போதாது’ என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அங்கே நடப்பது நரம்புக்கு நேர்ந்த சேதம். அதைக் குணத்தின் குறையாக எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், கூட்டம் முடிந்து என்னிடம் தனியாக வந்து பேசிய பிள்ளைகள். சிலம்பத்திலிருந்து வந்தவர்கள், கபடியிலிருந்து வந்தவர்கள், எம்.எம்.ஏ. பழகத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு எண்ணமில்லை. நல்ல கலை, நன்றாகப் படியுங்கள். ஆனால் தலைக்கவசம் தோல் கிழிவதைத்தான் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டையில் தலையில் அடிபட்டு ஒரு கணம் கண் இருண்டால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. மருத்துவரைப் பார்த்து அவர் சரி என்று சொல்லும்வரை அடுத்த ஸ்பாரிங் வேண்டாம். முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி மிக ஆபத்தானது. எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். 2015இல் சீன வீரர் ஒருவர் அப்படி எடை குறைக்கும்போது இறந்தே போனார். உங்கள் மாஸ்டர் ஃபட்சைப் போல நிறுத்தத் தெரிந்தவரா என்று பாருங்கள். பெற்றோர் போய்ப் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

ஒரு வேண்டுகோள். 1980இல் சென்னையில் வேலையிலோ படிப்பிலோ இருந்த நம் பக்கத்துப் பெரியவர்கள் எத்தனையோ பேர். நேரு விளையாட்டரங்கில் அலியை நேரில் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார், எல்லிஸின் குத்துகளுக்கு எப்படி விலகினார் என்று நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்