பட்டறைச் சுவரில் இரண்டு ஓட்டைகள்

போன இதழில் வடுமாங்காய் போடும் பக்குவம் எழுதியதற்குச் சந்தேகம் கேட்டிருந்த சகோதரிகளுக்கு அடுத்த முறை கட்டாயம் பதில் சொல்கிறேன். இந்தத் தடவை சமையலறையை விட்டு, என்னோடு கொஞ்சம் பின்கட்டுக்கு வாருங்கள்.

எங்கள் வீடு கோயமுத்தூர் செல்வபுரத்தில். பின்கட்டில் 12 அடிக்கு 12 அடியில் ஓர் அறை. அதுதான் எங்க வீட்டுக்காரரின் நகைப் பட்டறை. அவரும் என் கொழுந்தனாரும் முப்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். தொழில் பழக வந்த என் அக்கா மகனும் இப்போது சேர்ந்து மூன்று பேர்.

நகை போட்டுக்கொள்கிற நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று சொல்கிறேன். நகைப் பட்டறையில் ஃபேன் போடக் கூடாது. அரத்தால் ராவும்போது விழுகிற தங்கத் தூள் பறந்துவிடும். அது போனால் போனதுதான். கடைக்காரரிடம் எடை குறைந்தால் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். இன்னொன்று, சுடர். 'பொடி வைத்துப் பேசாதே' என்கிறோமே, அந்தப் பொடி இவர்கள் பொடிதான். இரண்டு துண்டுத் தங்கத்துக்கு நடுவே அரிசிக் குறுணையை விடச் சின்னதாக ஒட்டுப்பொடி வைத்து, கேஸ் சுடரை அந்த இடத்தில் மட்டும் காட்டி ஊத வேண்டும். ஃபேன் காற்று பட்டுச் சுடர் சாய்ந்தால், பக்கத்தில் உள்ள இழை உருகிப் போகும்.

ஆக, சித்திரை வைகாசியிலும் ஃபேன் கிடையாது. மேலே தளத்து வெயில், கீழே கேஸ் சுடர். மூன்று பேரும் பனியனோடு உட்கார்ந்திருப்பார்கள். வேர்வை கண்ணில் வழியும், துடைக்கக் கை ஒழியாது. வேர்க்குரு வராத வருஷமே இல்லை. வேலை கெடுமென்று தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து வர மாட்டார்கள்.

2024 சித்திரையில் ஒருநாள் மத்தியானம், "அக்கா, அண்ணனைப் பாருங்க" என்று கொழுந்தனார் கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால் இவர் பட்டறை மேடைமேல் சாய்ந்து கிடக்கிறார். முகமெல்லாம் வெளுத்து, உடம்பு ஜில்லென்று பிசுபிசுத்திருந்தது. வாசல் திண்ணைக்குத் தூக்கி வந்து, சட்டையைத் தளர்த்தி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறினோம். கண் விழித்து நன்றாக நினைவு வந்த பிறகுதான் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தேன். (நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சும் உளறலாக இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.)

அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். சீட்டுப் பணம் 34,000 ரூபாய் என் பேரில் வந்திருந்தது. மகளுக்கு ஒரு ஜோடி வளையல் என்று நினைத்து வைத்திருந்தது. "பட்டறைக்கு ஏ.சி. வாங்கலாமுங்க" என்றேன். "ஏனம்மிணி, நம்ம பொழப்புக்கு ஏ.சி. ஒரு கேடா?" என்றார். அதற்கு என் மகள்தான் பதில் சொன்னாள். 1902-ல் அமெரிக்காவில் கேரியர் என்கிற இன்ஜினீயர் முதன்முதல் ஏ.சி.யை வடிவமைத்தது யாருடைய படுக்கையறைக்கும் இல்லையாம். புரூக்ளினில் ஓர் அச்சாபீசுக்காம். காற்றில் ஈரம் ஏறி இறங்கக் காகிதம் விரிந்து சுருங்கி, கலர் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராததால் செய்தது. "பட்டறைக்காகத்தான்பா ஏ.சி.யே பொறந்துச்சு" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பாதிச் சம்மதம் அங்கேயே கிடைத்தது.

சுவருக்குள்ளேயே உட்காருகிற ஒன்றரை டன் பெட்டி ஏ.சி.யாக வாங்கினோம். விலை கொஞ்சம் குறைவு. பழுதானால் அப்படியே உருவி எடுத்துக் கொடுக்கலாம். சத்தம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சுத்தியல் தட்டுகிற இடத்தில் அது யாருக்குக் கேட்கப் போகிறது? இருக்கிற இரண்டு ஜன்னலும் வெளிச்சத்துக்கு வேண்டும். கல் பதிக்கிற வேலைக்குக் கண்தானே மூலதனம்! அதனால் சுவரைத்தான் வெட்டியாக வேண்டும்.

எந்தச் சுவர் என்பதிலேயே ஒரு நாள் போயிற்று. மேற்குச் சுவரென்றால் சாயங்கால வெயில் பெட்டியின் முதுகிலேயே அடிக்கும். வடக்குச் சுவரைத் தேர்ந்தெடுத்தோம். மேடையில் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே உயரம் வைத்து, காற்று கூரையைப் பார்த்துப் போகிற மாதிரி முன்பக்கத் தகட்டைத் திருப்பிக்கொண்டால் சுடரும் ஆடாது, தூளும் பறக்காது.

கொத்தனார் வயதானவர். வந்தவுடன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். 9 அங்குலச் செங்கல் சுவர். நான், ஓட்டையைப் போட்டுப் பெட்டியைச் சொருக வேண்டியதுதானே என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் மேலே மட்டும் ஒரு நீளக் காடி வெட்டி, இருபுறமும் அரையடி சுவருக்குள் போகிற மாதிரி ஒரு காங்கிரீட் பலகையை ஏற்றி, மேலே இடைவெளி இல்லாமல் கலவை இறுக்கி, சாரம் முட்டுக் கொடுத்து விட்டுவிட்டார். "ரெண்டு நாள் போகட்டுமுங்கம்மா. மேல பாரத்தைத் தாங்க ஆள் நிக்க வெச்சப்பறந்தான் கீழ இருக்கறவனை எந்திரிக்கச் சொல்லோணும்" என்றார். அதன் பிறகே கீழேயுள்ள செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார். அவசரப்பட்டு முதலிலேயே கீழே உடைத்தால் மேல்சுவர் முக்கோணமாகச் சரியுமாம்.

பிறகு மரச்சட்டம். அதையும் ஏ.சி. மெக்கானிக் தம்பி பார்த்துத்தான் அளவு சொன்னது. பெட்டியின் பக்கவாட்டில், பின்பாதியில் வரிவரியாகத் திறப்பு இருக்கிறதல்லவா, அது சுவருக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதன் வழியாகத்தான் வெளிக்காற்றை இழுத்து முதுகுப் பக்கம் சூட்டை ஊதித் தள்ளுகிறது. அதை அடைத்தால் கரண்ட் தின்னும், குளிராது, சீக்கிரம் கெடும். அதனால் பெட்டியின் பின்பாகம் வெளியே நன்றாக நீட்டிக்கொண்டு, அடியில் இரும்புத் தாங்கி வைத்து, லேசாக வெளிப்பக்கம் சாய்த்து மாட்டினார்கள். சாய்வு இல்லாவிட்டால் தண்ணீர் அறைக்குள் சொட்டும். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் பட்டை. அது இல்லையென்றால் ராத்திரி பகல் கடகடவென்று ஆடும்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய ஒயரிலேயே இழுத்துவிடலாம் என்றார் கொழுந்தனார். எலக்ட்ரீஷியன் ஒப்புக்கொள்ளவில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி., எர்த் எல்லாம் போட்ட பிறகுதான் பெட்டியை ஓட்டினார்.

அந்த முதல் நாள்! மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் இதோடு விட்டிருக்கலாம். குளிர் வீணாகிறதே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. கஞ்சிப் பசை காய்ச்சி, ஜன்னல் இடுக்கு, மேலே பழைய காற்றுத்துவாரம், எல்லாவற்றையும் நியூஸ் பேப்பர் வைத்து நானே ஒட்டினேன். கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தேன். ரொம்பப் பெருமை எனக்கு.

பத்து நாள் கழித்து அக்கா மகன் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "தலைவலி சித்தி." மறுநாளும் அதே. கொழுந்தனாருக்கும் நெற்றி வலி, ஒரே இருமல். கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஏ.சி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. அன்றைக்கு ஒருவருக்கும் தலைவலி இல்லை. அது என் மனசில் முள்ளாய்த் தைத்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு டீ கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். குப்பென்று திராவக நெடி, கருகல் வாடை. உள்ளே இருப்பவர்கள் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்! காலையிலிருந்து அதிலேயே இருந்தால் மூக்கு பழகிவிடுகிறது. வெளியிலிருந்து போன எனக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே பையனை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். விவரம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எரியற அடுப்போட ரூமை மூடி வெச்சிருக்கீங்களா?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவந்து குளிர வைக்கிறது என்றுதான் அதுவரை நான் நம்பியிருந்தேன். அப்படி இல்லையாம். அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிர்ந்த குழாய்கள்மேல் ஓட்டி, திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. பெட்டியில் காற்று மாற்ற ஒரு சின்னத் திறப்பு உண்டுதான்; சுடர் எரிகிற பட்டறைக்கு அது எந்த மூலைக்கு? மூடின அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம், அப்புறம் மயக்கம். திராவகத்தில் செம்பும் வெள்ளியும் கரையும்போது எழும்புகிற பழுப்புப் புகை நுரையீரலைப் புண்ணாக்கும். சில சமயம் பல மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறல் தெரியுமாம். கே.டி.எம். நகை என்று கேட்டு வாங்கினோமே, அந்த ஒட்டுப்பொடியில் இருந்தது காட்மியம். 767 டிகிரியிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். அந்த ஆவி நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் விஷம். இவர் அதை விட்டு வருஷங்கள் ஆயிற்று. ஆனால் முப்பது வருஷத்தில் எத்தனை நாள் அதை ஊதியிருப்பார்! அப்போது ஜன்னலாவது திறந்திருந்தது.

(குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கும் இளம் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். குளிர் அடிக்குமென்று எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு குழந்தையைக் குளிப்பாட்டாதீர்கள். இதே வாயுதான், இதே கதைதான்.)

வீட்டுக்கு வந்து நான் ஒட்டின பேப்பரையெல்லாம் நானே கிழித்தேன். கிழிக்கும்போது அழுகை வந்தது. இவர் வந்து, "குளுந்த காத்தெல்லாம் போயிருமே, அப்பறம் ஏ.சி. எதுக்கு?" என்றார். "போவட்டுமுங்க. இன்னொரு ஓட்டை போடோணும்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் தங்கத் தூள் அதன் வழியே போய்விடும் என்பது அவர் கவலை. அதுவும் நியாயம்தானே!

கடைசியில் வழி சொன்னவர் அதே கொத்தனார். பட்டறையை ஒட்டி நாலடி அகலத்தில் தாழ்வாரம் உண்டு. ஊதுகிற வேலை, உருக்குகிற வேலை, திராவகம் எல்லாம் அங்கே. நடுவில் கண்ணாடி போட்ட மரத்தடுப்பு. தாழ்வாரச் சுவரில், ஊதுகிற மேடைக்கு நேர் மேலே எக்ஸாஸ்ட் ஃபேன். எதிர்ச் சுவரில் தரையை ஒட்டி வலை போட்ட துவாரம், புதுக் காற்று உள்ளே வர. கேஸ் கசிந்தால் கீழேதான் தங்கும் என்பது நமக்குச் சமையலறையிலேயே தெரிந்ததுதானே! சிலிண்டரை அறைக்கு வெளியே வைத்துவிட்டோம். ராவுவது, கல் பதிப்பது, இழை பின்னுவது எல்லாம் ஏ.சி. அறைக்குள். அங்கேயும் நான் அடைத்த மேல் துவாரம் இப்போது திறந்தே இருக்கிறது.

நெருப்பு வெளியே போனதும் அறைச் சூடு பாதியாகக் குறைந்தது. முன்பு 22-ல் வைத்தும் போதாது என்றவர்கள் இப்போது 26-லேயே வைக்கிறார்கள். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். ஊத எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று இவர் முணுமுணுப்பார். போகிற வழியில் பானையைக் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போகிறது. பையனுக்கு அப்புறம் தலைவலி வரவில்லை. கொழுந்தனாருக்கு மட்டும் இருமல் இன்னும் விட்டபாடில்லை. மார்பு எக்ஸ்ரே எடுத்து, டாக்டரம்மா மூன்று மாதத்துக்கு ஒருதரம் வரச் சொல்லியிருக்கிறார். நான்தான் கூடப் போகிறேன், அவர் தனியாக விட்டால் போக மாட்டார்.

இன்னொரு வேடிக்கை. போன மாசம் ஏ.சி. சர்வீசுக்கு வந்த தம்பி முன்பக்கத் தகட்டைக் கழற்றி, தூசி வடிகட்டும் வலையை எடுத்து வாசல் குழாயடிக்கு நடந்தார். இவர் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினார். "தம்பி, தம்பி, அங்க கழுவாதீங்க!" வலையில் படிந்திருந்தது வெறும் தூசியா என்ன? அண்டாவில் தண்ணீர் ஊற்றி அதிலேயே கழுவி, தெளிய வைத்து, அடியில் நின்ற மண்டியைக் கூட்டிய பட்டறை மண்ணோடு சேர்த்து வைத்திருக்கிறோம். வருஷக் கடைசியில் அரித்து உருக்கிப் பார்க்க வேண்டும். வளையலுக்குக் காணாது. ஒரு மூக்குத்திக்காவது தேறுமா என்று மகள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.