பலகை எழுதுவது யார்?

பாலைவனத்தைப் பார்க்க வருகிறவனுக்குப் பாடம் சொல்லித் தரவேண்டும் என்கிறார்கள். நல்லது, வரவேற்கிறோம். வந்தவன் வெறும் மணலைப் பார்த்துவிட்டு, "இங்கே என்ன இருக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பக் கூடாது. எந்தப் புதரிலே எந்த உயிர் ஒடுங்கிக் கிடக்கிறது, எந்தப் பள்ளத்திலே நீர் நிற்கும், எந்த இடத்திலே கால் வைக்கக் கூடாது என்பதை அவன் அறிந்துகொண்டு போகவேண்டும். அதற்காகப் பலகை நடுகிறார்கள், விளக்கக்கூடம் கட்டுகிறார்கள், வழிகாட்டிகளை அமர்த்துகிறார்கள், திட்டம் தீட்டுகிறார்கள். எல்லாம் சரி. பலகையிலே எழுதப்போவது யார்? அந்த மண்ணிலே பிறந்தவனா, அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டவனா? திட்டம் தீட்டுவோர் இந்தக் கேள்வியை மட்டும் மெல்ல ஒதுக்கிவிடுகிறார்கள்!

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நட்டநடுவே, செம்மணல் பாலையிலே, 348 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ஒரே பாறைக் குன்று. உலுரு என்பது அதன் பெயர். அதைச் சுற்றி 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது தேசியப் பூங்கா. அங்கே ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவருபவர்கள் அனங்கு மக்கள். (நம் இலக்கியத்து அணங்குக்கும் இதற்கும் உறவு தேடிப் புறப்படவேண்டாம், தோழர்களே! ஒலி ஒன்றுபோல் இருக்கிறது, அவ்வளவே. அவர்கள் மொழியிலே அனங்கு என்றால் மனிதர் என்று பொருள்.)

1873-இல் வில்லியம் காஸ் என்ற வெள்ளையர் அந்தப் பக்கம் வந்தார். பார்த்தார், வியந்தார், உடனே பெயர் சூட்டினார்: ஏயர்ஸ் பாறை! யார் இந்த ஏயர்ஸ்? தெற்கு ஆஸ்திரேலியாவிலே அப்போது தலைமைச் செயலர் பதவியில் இருந்த கனவான். குன்றுக்கு ஏற்கனவே பெயர் உண்டா என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம்கூட எழவில்லை. நூற்றிருபது ஆண்டுகள் அந்தப் பெயரே அரசின் பெயர். 1993-இல்தான் உலுரு என்பதும் உடன் சேர்க்கப்பட்டது, அதுவும் இரண்டாம் இடத்திலே. 2002-இல் முன்னே வந்தது. ஊரின் பெயருக்காகப் பாடுபட்டவர்களுக்கு இதன் வலியை நாம் விளக்க வேண்டியதில்லை.

பெயரைப் பறித்தவர்கள் நிலத்தை விட்டுவைப்பார்களா? 1920-இல் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலத்திலிருந்து, 1958-இல் உலுருவை வெட்டி எடுத்தார்கள். எதற்கு? சுற்றுலாவுக்கு! குன்றின் காலடியிலே விடுதிகள் முளைத்தன. 1964-இல் குன்றின் முதுகிலே கம்பங்கள் அடித்து இரும்புச் சங்கிலி பூட்டினார்கள், வருகிறவர்கள் பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு. 1979-இல் நில உரிமை கேட்டு அனங்கு மக்கள் வழக்காடியபோது, மரபுவழி உரிமையாளர்கள் இவர்களே என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் பூங்காவாகிவிட்ட நிலத்தைத் திருப்பித் தரச் சட்டத்திலே இடமில்லையாம்! வீடு உன்னுடையதுதான், திண்ணையிலே படுத்துக்கொள் என்பதுபோல!

1983-இல் தலைமை அமைச்சர் பாப் ஹாக் வாக்களித்தார்: நிலம் திரும்பும், குன்றின்மீது ஏறுவதும் நிறுத்தப்படும் என்று. 1985 அக்டோபர் 26 அன்று நிலம் திரும்பத்தான் செய்தது. விழா நடந்துகொண்டிருக்கையில், "ஏயர்ஸ் பாறை எல்லா ஆஸ்திரேலியருக்கும்" என்ற பதாகையை இழுத்துக்கொண்டு தலைக்குமேலே விமானம் ஒன்று வட்டமிட்டது. வாக்கிலே பாதி காற்றோடு போயிற்று. ஏறுவது நிற்கவில்லை. பேசிய 50 ஆண்டுக் குத்தகை 99 ஆண்டாக நீண்டது. கையெழுத்துப் போட்டுப் பட்டாவை வாங்கிய கையே, குத்தகைப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டது.

இங்கேதான் பலகையின் கதை தொடங்குகிறது. பூங்காவை நடத்தும் 12 பேர் கொண்ட குழுவிலே 8 பேர் அனங்கு மக்களின் சார்பாளர்கள் என்று ஆனது. ஏறும் இடத்தின் அடியிலே அவர்கள் பலகை வைத்தார்கள். தடை இல்லை, தண்டனை இல்லை. எங்கள் சட்டப்படி இது ஏறும் இடம் அல்ல, ஆகவே ஏறாதீர்கள் என்று வேண்டுகோள் மட்டுமே. பக்கத்திலேயே என்ன தொங்கிக்கொண்டிருந்தது? சங்கிலி! பலகை 'ஏறாதே' என்றது, சங்கிலி 'ஏறு' என்றது. எழுத்தைவிட இரும்புக்கு நா நீளம் அல்லவா! வந்தவர்களிலே பெரும்பாலோர் சங்கிலியின் பேச்சைத்தான் கேட்டார்கள். 1990களிலே நான்கு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் ஏறினார்கள். வரிசையாக ஊர்ந்து ஏறுவோரைக் கண்ட அனங்கு மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் மிங்கா. எறும்பு என்று பொருள்! ஒடுக்கப்பட்டவனுக்கும் நகைச்சுவை உண்டு, நாட்டாமைக்காரனுக்குத்தான் அது புரிவதில்லை.

அவர்கள் பலகையோடு நிற்கவில்லை. 1995-இல் பச்சைச் செங்கல்லால் பண்பாட்டு விளக்கக்கூடம் எழுந்தது, குனியா, லிரு என்ற இரண்டு பாம்புகளின் கதையை உருவாகக் கொண்டு. வருகிறவன் குன்றைத் தொடுமுன் இங்கே நுழைந்து, அது யாருடைய இடம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்ற ஏற்பாடு. பிட்ஜன்ஜஜாரா மொழியின் சொற்கள் சுவரிலே ஏறின. பூங்காவுக்குள் ஆள் அழைத்துவரும் வழிகாட்டிகள், வாய்க்கு வந்ததை அளக்காமல், பாடம் படித்துத் தேறியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. குன்றைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை. எங்கே படம் எடுக்கலாம், எங்கே கருவியைப் பைக்குள் போடவேண்டும் என்ற குறிப்பு. வெயில் கொளுத்தும் நாளிலே முற்பகல் 11 மணிக்குள் நடையை முடித்துவிடு, மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையோடு வைத்துக்கொள் என்ற எச்சரிக்கை.

இன்னொன்றும் செய்தார்கள், அதுதான் அருமை. எல்லாவற்றையும் சொல்லமாட்டோம் என்றார்கள்! வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் கதை, தங்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரும் அளவுதான். மேற்கொண்டு உள்ளது உரியவர்க்கே உரியது. பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியதாலேயே அடுத்தவன் வீட்டு அடுக்களைவரை எட்டிப்பார்க்கும் உரிமை வந்துவிடுமா? விளக்குவது கல்வி என்றால், எங்கே விளக்கத்தை நிறுத்துவது என்று தீர்மானிப்பதும் கல்விதான். வெளியூர் அலுவலகத்திலே உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறவருக்கு அந்த எல்லை எப்படித் தெரியும்?

"பகுத்தறிவு பேசும் நீங்கள், கல்லைப் புனிதம் என்பதற்கு வக்காலத்து வாங்கலாமா?" என்று கேட்க ஒரு நண்பர் காத்திருப்பார். கேட்கட்டும். கல்லைக் காட்டிக் காசு பறித்தவர்களை, கல்லின் பேரால் மனிதனை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்களை எதிர்த்து வளர்ந்த இயக்கம் இது. அனங்கு மக்கள் யாரையும் தீண்டாதே என்று தள்ளவில்லை, வா என்று அழைத்தார்கள், காணிக்கை போடு என்று உண்டியல் நீட்டவில்லை. ஜூகுர்பா என்று அவர்கள் சொல்வதிலே தோற்றக் கதைகள் உண்டு, நாம் நம்பவேண்டியதில்லை. அதே ஜூகுர்பாவிலேதான் சட்டமும், உறவுமுறையும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, எந்தப் புல்லை எப்போது கொளுத்தவேண்டும் என்ற அறிவும் அடங்கியிருக்கிறது.

தீயையே எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த மாதங்களிலே திட்டுத்திட்டாகப் புல்லைக் கொளுத்துவது அவர்கள் வழக்கம். காய்ந்த புல் குவியாது, புதுத்தளிர் எழும், பிராணிகளுக்கு உணவும் ஒதுங்கிடமும் கிடைக்கும். மக்களை அகற்றியதும் அந்த வழக்கம் அறுந்தது. புல் குவிந்தது. 1976-இல் மூண்ட தீ பூங்காவின் பெரும்பகுதியைத் தின்றது. பிறகுதான் அதிகாரிகள் முதியவர்களிடம் வந்து, எப்படிக் கொளுத்துவது என்று கேட்டுக் கற்றார்கள். மாலா என்னும் சிறு பிராணி, கங்காரு இனத்தது, அங்கே அற்றே போயிருந்தது. 2005-இல் வேலியிட்ட 170 ஹெக்டேர் நிலத்திலே மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டது. பல்கலைக்கழகப் பட்டமும் பாட்டியின் அறிவும் கைகோத்தபோது நடந்த வேலை இது. இதைப் பலகையிலே எழுதட்டும், பார்க்க வருகிறவன் படிக்கட்டும்!

ஏறக்கூடாது என்பதற்கும் வெறும் நம்பிக்கை மட்டுமா காரணம்? ஏறியவர்களிலே 30 பேருக்கு மேல் மாண்டிருக்கிறார்கள். தங்கள் மண்ணிலே விருந்தாளி மாண்டால் அந்தத் துயரம் தங்கள்மேல் விழுகிறது என்று அனங்கு மக்கள் சொன்னார்கள். உச்சியிலே கழிப்பிடம் கிடையாது. மழை பெய்தால் அந்த அழுக்கு எங்கே இறங்கும்? அடியிலே உள்ள சுனைகளுக்குத்தான். பாலையிலே சுனையைக் கெடுப்பது சின்னக் குற்றமா? நம்பு என்று அவர்கள் வற்புறுத்தவில்லை, நடந்துகொள் என்றுதான் கேட்டார்கள்.

கேட்டது வீண்போகவில்லை. 2010-இல் வகுத்த நிர்வாகத் திட்டம், ஏறுவோர் நூற்றுக்கு 20-க்குக் கீழே வந்தால் வழியை மூடலாம் என்றது. 2015 வாக்கில் ஆறு பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. 2017 நவம்பரில் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. இது கேளிக்கைப் பூங்கா அல்ல என்றார் குழுவின் தலைவர் சாமி வில்சன். கடைசி மாதங்களிலே முண்டியடித்துக்கொண்டு வந்தது கூட்டம். கடைசி நாள் காலையிலே பெருங்காற்று, வழி திறக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் காத்துக்கிடந்து ஏறினார்கள். 2019 அக்டோபர் 25 மாலை 4 மணிக்குக் கதவு மூடப்பட்டது. மறுநாள், நிலம் திரும்பி 34 ஆண்டு நிறைந்த நாளிலிருந்து, சட்டப்படி தடை. சங்கிலி கழற்றப்பட்டது.

அறிவுரையால் மனிதன் திருந்தினான் என்று இதைக் காட்டி மகிழ்வோர் உண்டு. நாமும் மகிழ்கிறோம், ஆனால் கணக்கையும் பார்க்கிறோம். உரிமையாளர் சொல்லுக்கு உரிமையாளர் நிலத்திலே மதிப்பு ஏற 34 ஆண்டுகள் தேவையா? பார்க்க வருகிறவர்களிலே எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று எண்ணி எண்ணித்தானா வீட்டுக்காரன் கதவைச் சாத்த உரிமை பெறவேண்டும்? சங்கிலியை முதல் நாளே கழற்றியிருந்தால் பலகைக்கு அத்தனை பாடு இருந்திருக்காதே!

வேலை இன்னும் இருக்கிறது. நுழைவுக் கட்டணத்திலே நான்கில் ஒரு பங்கு அனங்கு மக்களுக்கு வருகிறது. ஆனாலும் குன்றின் நிழலிலே இருக்கும் முட்டிஜுலு குடியிருப்பிலே வறுமை, பூங்காவுக்கு வெளியே யுலாராவிலே சொகுசு விடுதி. விளக்கக்கூடத்திலே இதற்கும் ஒரு சுவர் ஒதுக்கட்டும். வழிகாட்டி வேலையிலும், காவலர் வேலையிலும், கணக்கர் நாற்காலியிலும் முட்டிஜுலுவின் பிள்ளைகள் பெருவாரியாக உட்காரட்டும். சுற்றுலாக் குழுமம் வரைந்துகொண்டு வரும் வரைபடத்துக்குப் பின்னால் ஒப்புதல் கேட்பதை விட்டுவிட்டு, வரையத் தொடங்குமுன் அந்தக் குடியிருப்பிலே பாய் விரித்து உட்கார்ந்து, அவர்கள் மொழியிலே கேட்கட்டும். 99 ஆண்டுக் குத்தகை 2084 வரை ஓடுகிறது.