பனி விட்டுச்சென்ற கல்லும் மழை தோண்டும் கல்லும்

மலையகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் நண்பர்கள் அனுப்பும் புகைப்படங்களில், தேயிலைச் சரிவின் நடுவே தனித்து நிற்கும் பெரும்பாறைகள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஐரோப்பாவில் வாழும் நம்மவர் சிலர் இவற்றையும் ஆதிகாலப் பனியாறுகள் விட்டுச்சென்ற கற்கள் என்றே எண்ணுகின்றனர். 'எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் கல் இனியா விழப்போகிறது?' என்ற ஆறுதலும் அந்த எண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த ஆறுதலைத்தான் நான் மறுக்கிறேன்.

பனியாறு சுமந்து வந்த கல் எப்படிப்பட்டது? வட இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் நோர்பர் என்னும் இடத்தில் வெளிர்நிறச் சுண்ணாம்புப் பாறையின்மேல் கருஞ்சாம்பல் நிறக் கற்கள் அமர்ந்திருக்கின்றன. நிறமும் வேறு, இனமும் வேறு. கடைசிப் பனியுகத்தில் பனியாறு அவற்றைச் சுமந்து வந்து போட்டுவிட்டு உருகி மறைந்தது. அங்கே மண்ணைப் பனியே வழித்தெடுத்துவிட்டதால், கல் வெறும் பாறைமீது நிற்கிறது.

நமது கற்களின் கதை வேறு. மாமல்லபுரத்தில் 'கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை' எனப்படும் பாறையை எந்தப் பனியாறும் உருட்டி வரவில்லை. நுவரெலியாவின் கற்களும் அவ்வாறே, பிறந்த இடத்திலேயே இருப்பவை. மலையின் உட்பாறையில் வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே இறங்கும் மழைநீர் பாறையை மெல்ல உளுத்துப்போகச் செய்து மண்ணாக்குகிறது. மூலைகள் முதலில் கரைய, நடுப்பகுதி உருண்டையாக எஞ்சுகிறது. சுற்றியுள்ள மண்ணை மழை அரித்துச் செல்லும்போது அந்த உருண்டை வெளியே தலைகாட்டுகிறது. மாமல்லபுரத்துக் கல்லுக்கு அடியிலேனும் பாறை இருக்கிறது. தேயிலைச் சரிவில் உள்ள பல கற்களுக்கு அடியிலும் பக்கத்திலும் இருப்பது மண்ணே. பனியாறு தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. மழையோ ஆண்டுதோறும் தன் வேலையைத் தொடர்கிறது.

அந்த வேலையை மனிதரும் விரைவுபடுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி வீழ்ந்தபின் அதே சரிவுகளில் தேயிலை பரவியது. மண்ணைப் பிடித்திருந்த பெருமரங்களின் வேர்கள் போயின. அந்தச் சரிவுகளின் அடியில்தான் தொழிலாளரின் லயன்கள் கட்டப்பட்டன.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியாபெத்தை தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் மீண்டும் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகியவற்றைக் கண்டால் விலகுங்கள் என்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் எங்கே விலகுவது? தோட்ட நிலங்களிற் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம், குத்தகையோ கம்பனிகளிடம். தலைமுறை தலைமுறையாக உழைத்தவருக்குத் தம் பெயரில் ஓர் அடி நிலமும் இல்லை. 2015க்குப் பின் 7 பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலத்துடன் வீடு என்ற திட்டம் வந்தது. பயன்பெற்றோர் சிலர், காத்திருப்போரே பலர். சொந்த நிலம் உள்ளவன் ஆபத்தான வீட்டைவிட்டு வேறிடத்தில் கட்டிக்கொள்ளலாம். லயனில் இருப்பவர் பாடசாலையில் சில நாட்கள் தங்கிவிட்டு, மழை விட்டதும் அதே கல்லின் கீழ் திரும்புகிறார். எச்சரிக்கை விடுத்ததோடு தன் கடமை முடிந்ததென்று எந்த அரசும் கூறிவிட முடியாது.

குடியிருப்புகளுக்கு மேலுள்ள ஒவ்வொரு பெருங்கல்லையும் கணக்கெடுத்து, அதன் அடிமண்ணை ஆராய வேண்டும். சரிவுகளின் வடிகால்களைப் பராமரிக்கும் பொறுப்பைக் குத்தகைக் கம்பனிகளிடம் கண்டிப்புடன் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பான இடத்தில் உறுதிப்பத்திரத்துடன் நிலம் வழங்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டும் பொறியியலாளர் வேலை. மூன்றாவது அரசியல் வேலை. அது நடைபெறாதவரை முதல் இரண்டாலும் முழுப் பயன் கிட்டாது.

அடுத்தமுறை மலையகம் செல்லும் அன்பர்கள் அந்தக் கற்களைத் தாராளமாகப் படம் எடுக்கட்டும். எடுக்கும்போது, கல்லுக்குக் கீழே கூரைகள் தெரிகின்றனவா என்பதையும் ஒருமுறை பார்க்கட்டும்.