மூக்கு நீண்டால் வேகம் வருமா?

ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஜானவாச ஊர்வலம் பார்த்திருக்கிறீர்களா? நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்லும். பின்னால் பூச்சரங்கள் தொங்கும் காரில் மாப்பிள்ளை அமர்ந்து வருவார். இப்போதெல்லாம் எந்தக் கார் கிடைத்தாலும் சரி என்றாகிவிட்டது. ஆனால், வீட்டிலுள்ள தாத்தா பாட்டியைக் கேளுங்கள். கூரை திறந்த, மூக்கு நீண்ட, உருண்டு திரண்ட சக்கர மறைப்புகள் கொண்ட பழைய அமெரிக்கக் காரைப் பற்றிக் கண்கள் மின்னச் சொல்வார்கள். ஊர்வலம் போவதோ நடைவேகத்தில். வண்டியோ நிற்கும்போதே பறப்பது போல் தோன்றும்!

அந்தத் தோற்றம் உண்மைதானா? வேகத்துக்காக அமைந்த வடிவமா, விற்பனைக்காக அமைந்த வடிவமா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய அமெரிக்கக் கார்களில், பார்த்தவுடன் மனத்தைக் கவர்வது ‘கூபே’ என்னும் வகை. இரயிலில் முதல் வகுப்பில் இருவர் மட்டும் செல்லும் சிற்றறையையும் கூபே என்கிறோம் அல்லவா? அதே சொல்தான். பிரெஞ்சு மொழியில் ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். பெரிய குதிரை வண்டியில் ஒரு வரிசை இருக்கையை வெட்டிக் குறுக்கியதால் வந்த பெயர். பின்னர் அது மோட்டார் காருக்கும் வந்தது. இரண்டே கதவுகள், சிறிய கூரை, பின்புறம் நீண்டு சரியும் வால். சில கூபேக்களில் வால்புற மூடியைத் திறந்தால், வெளியே இருவர் அமர ஓர் இருக்கை விரியும். அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘டிக்கி’. அந்த இருக்கை மறைந்து பல்லாண்டுகள் ஆயின. பெயர் மட்டும் நம் ஊரில் தங்கிவிட்டது. மெயின்கார்டு கேட்டில் சாமான் வாங்கி, “டிக்கியில் வை” என்கிறோமே, அது இந்த டிக்கிதான்.

கார்கள் முதலில் இப்படி அழகாக இல்லை. ஹென்றி ஃபோர்டின் ‘மாடல் டி’ 1908-இல் வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகளுக்கு மேல் உற்பத்தியாயின. உறுதியானது, மலிவானது, ஆனால் ஒரு பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போலிருக்கும். போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வேறு வழியைப் பிடித்தது. 1927-இல் ஹார்லி எர்ல் என்பவரின் தலைமையில் கலைக்கும் வண்ணத்துக்கும் என்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. கொலு பொம்மை செய்பவர் களிமண்ணைப் பிசைந்து உருவம் தேடுவது போல, எர்ல் குழுவினர் காரின் உருவத்தைக் களிமண்ணில் செய்து பார்த்தார்கள். ஆண்டுதோறும் தோற்றம் மாறியது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல காரும் ‘பழைய மாடல்’ ஆயிற்று! இந்நிறுவனம் 1928-இல் பம்பாயில் பொருத்தும் ஆலை அமைத்தது. அந்தப் புதுமோகம் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த வடிவங்களுக்குப் பொறியியல் காரணங்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எட்டு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்த இயந்திரத்துக்கு நீண்ட மூக்கு தேவைப்பட்டது. எஃகுத் தகட்டைப் பெரிய அழுத்து இயந்திரத்தில் வளைக்கும்போது கூரான மூலைகளை விட உருண்ட வளைவுகள் எளிதில் வந்தன. ஆனால், மக்கள் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. நீண்ட மூக்கு என்றால் ஆற்றல், உருண்ட உடல் என்றால் வேகம் என்று நம்பினார்கள். விளம்பரங்களும் அந்த நம்பிக்கைக்கு நீர் ஊற்றின. 1937-ஆம் ஆண்டு ஃபோர்டு காரில் முன்விளக்குகள்கூட நீர்த்துளி வடிவம் பெற்றன.

சரி, காற்று என்ன சொல்கிறது?

காவிரியில் நீர் ஓடும்போது, திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் பாலத்தின் மேல் நின்று தூண்களைப் பாருங்கள். தூணின் முன்புறம் நீர் மோதிப் பிரிகிறது. பின்புறமோ சுழல்கள் உருவாகின்றன. காற்றில் ஓடும் காருக்கும் இதே கதைதான். முன்னால் மோதும் காற்று மட்டும் தடை அன்று. பின்னால் உண்டாகும் சுழல்கள் வண்டியை வால் பிடித்து இழுக்கின்றன. கெண்டை மீனைப் பாருங்கள். தலைப்பக்கம் பருத்து, வால்பக்கம் படிப்படியாக மெலிகிறது. நீர் பிரிந்து சென்று, சுழலாமல் மீண்டும் கூடுகிறது. காற்றுத் தடையைக் குறைப்பதில் மூக்கை விட வாலுக்கே பங்கு அதிகம்!

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். ஆகவே, நெடுஞ்சாலையில் விரையும் காருக்கு வடிவம் பெரிய செய்தி. சித்திரை வீதியில் ஊர்ந்து செல்லும் காருக்கு அது ஒரு பொருட்டே அன்று.

இந்த உண்மையைச் சோதனையால் கண்டவர்கள் கிரைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள். கார்ல் பிரீயர் என்பவரும் அவருடைய தோழர்களும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்து ஆராய்ந்தார்கள். அக்காலத்துக் கார்கள் முன்னோக்கிச் செல்வதை விடப் பின்னோக்கிச் சென்றால் காற்றுத் தடை குறையும் என்று தெரிந்தது! 1934-இல் ‘ஏர்ஃப்ளோ’ என்ற கார் வந்தது. மூக்கு குட்டை, உடல் வழவழப்பு, வால் சரிவு. இயந்திரம் முன்னே நகர்ந்ததால் பின்னிருக்கையினரின் குலுக்கலும் குறைந்தது. கூபே வடிவிலும் விற்றார்கள்.

வாங்க ஆள் இல்லை. தொடக்கத்தில் வண்டிகள் வந்து சேரத் தாமதமானதும், குறைகள் பற்றிய பேச்சும் விற்பனையைக் கெடுத்தன என்பது உண்மை. ஆனால் பெரிய குறை, அது பழகிய காரைப் போல இல்லை என்பதுதான். 1935-இல் அதே நிறுவனம் வழக்கமான வடிவத்தைக் கொஞ்சம் உருட்டித் திரட்டி, ‘ஏர்ஸ்ட்ரீம்’ என்று பெயரிட்டு விற்றது. அது ஏர்ஃப்ளோவை விட மிக நன்றாக விற்பனையாயிற்று! காற்றைக் கேட்டு உருவான கார் தோற்றது. காற்றின் பெயரை ஒட்டிக்கொண்ட கார் வென்றது. 1937-உடன் ஏர்ஃப்ளோ நின்றுவிட்டது.

சந்தையின் விந்தை இதோடு முடியவில்லை. அன்று ஒரே வரிசை இருக்கை கொண்ட சாதாரணக் கூபே, விலை குறைந்த வண்டி. மாதிரிப் பொருள்களை ஏற்றி ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளர்களுக்கு உரியது. நான்கு கதவுக் காரே குடும்பத்துக்குப் பெருமை. இன்று பழைய கார் சேகரிப்போரிடம் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். அதே ஆண்டு நான்கு கதவுக் காரை விடக் கூபேக்கு மதிப்பு அதிகம். இரும்பு மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை. பார்க்கும் கண் மாறிவிட்டது.

நான் அழகுக்கு எதிரி அல்லேன். ஸ்ரீரங்கத்துத் தேரைப் பாருங்கள். உயர்ந்து, விரிந்து, துணித் தொம்பைகள் ஆட வருகிறது. ‘இது வேகமாக ஓடும்’ என்று அது யாரையும் ஏமாற்றவில்லை. அழகு அங்கே அழகாகவே இருக்கிறது. பழைய கூபேயையும் அப்படியே ரசிப்போம். அறிவியலின் உடையை அணிந்துகொண்டு அழகு விலை பேசும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

‘போருக்கு முந்திய கதை நமக்கு எதற்கு?’ என்று கேட்கலாம். இன்று மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. பெரிய நீர்க்குளிர்விப்பான் அவற்றுக்குத் தேவையில்லை. ஆயினும் சிலவற்றின் முகத்தில் காற்றே புகாத பொய்க் கம்பி வலை இருக்கிறது! பழக்கப்பட்ட முகம் இல்லாவிட்டால் வாங்குபவர் தயங்குவார் என்ற பழைய அச்சம்தான். கடைத்தெருவில் அலைந்து செல்லும் இரு சக்கர வண்டிக்கும் பந்தய வண்டியின் சிறகுகளை ஒட்டி விற்கிறார்கள். அந்தச் சிறகுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பது உங்கள் அப்பா!

பழைய வண்டிகளைக் காப்பதிலும் இந்தக் கண் வேண்டும். 2021-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளை மரபு வண்டிகளாகத் தனியே பதிவு செய்யலாம். மூல வடிவம் என்பது ஒரு சான்று. கூரையை அறுத்தோ, வாலை மாற்றியோ விட்டால் மனிதன் எங்கே அளந்தான், எங்கே ஊகித்தான் என்ற சான்றும் போய்விடும். கோயம்புத்தூரில் அவிநாசி சாலையிலுள்ள ஜீ.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் சென்றால், ஒவ்வொரு வண்டியின் வாலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். எரியும் மெழுகுவர்த்திக்கு முன், சற்றுத் தள்ளி ஓர் அட்டையை நேராகப் பிடித்து, அட்டையின் நடுவில் ஊதுங்கள். சுடர் அட்டையை நோக்கிச் சாயும். அட்டையை வளைத்து, இரு ஓரங்களையும் ஒட்டி மீன் வடிவமாக்குங்கள். பருத்த பக்கம் உங்களை நோக்கியும், கூரான பக்கம் சுடரை நோக்கியும் இருக்கட்டும். இப்போது ஊதினால் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது?

விளம்பரம் சொல்வதைச் சுடரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சுடருக்குப் பொய் சொல்லத் தெரியாது.