தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று

சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் நெகிழிப் பையில் அடைத்துத் தரும் வண்ணமீன்கள் இன்று கடற்கரைச் சிற்றூர் வீடுகளுக்கும் வந்துவிட்டன. வந்த முதல் மாதத்திலேயே அவை செத்து மிதப்பதும், 'இந்த வீட்டுக்கு மீன் ராசியில்லை' என்று தொட்டியைப் பரணில் ஏற்றுவதும் வழக்கமாகியிருக்கின்றன. குறை ராசியில் இல்லை; தெளிவையே தூய்மை என்று கருதும் நம் எண்ணத்தில்தான் இருக்கிறது.

மீன் தன் செவுள்வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியாவைத் தருகிறது. அதற்கு நிறமில்லை. நீர் பளிங்குபோல் தோன்றும்போதே அது செவுளை அரித்துக்கொண்டிருக்கும். ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இந்த உயிர்களை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. புதிய தொட்டியில் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்களாகும். தொட்டியையும் பத்து மீனையும் ஒரே நாளில் விற்பதும் வாங்குவதும் ஆகாது என்பேன்.

நம்மவர் செய்வதோ நேர்மாறு. சற்றே கலங்கினால் முழு நீரையும் கொட்டி, வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசுகிறார்கள். அந்நீரின் குளோரின், பஞ்சில் குடியேறிய உயிர்களைக் கொன்றுவிடுகிறது. பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலச வேண்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும், குளோரின் நீக்கி, மாற்றினால் போதும். இரண்டொரு மீனில் தொடங்கி, சிறிதே தீனியிட வேண்டும். கிணற்றுநீர் உவர்க்கிறதென்று கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றுவதும் சரியன்று. அந்தப் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய கார்பனேட்டு உப்புகள் அதில் மிகக் குறைவு.

இந்தப் பொறுமை மரக்காணத்துக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர். உமணர் மரபு அவ்வளவு பழையது. உப்பளத்தில் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி முற்றவிடுகிறார்கள். முதலில் சுண்ணமும் ஜிப்சமும் படியும். பிறகே உப்பு விளையும். முற்றிய உவர்நீர் சிலபோது செந்நிறம் கொள்ளும். அதுவும் நுண்ணுயிர்களின் வேலை. அந்நிறம் வெயிலை மிகுதியாக உள்வாங்கி நீர் ஆவியாகத் துணைசெய்கிறது. புதியவர் அழுக்கென்று முகஞ்சுளிக்கும் நீர் அது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கழிவைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்கும் என்று 'டேங்க் கிளீனர்' மீனை விற்கிறார்கள். அது கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னுமே தவிர, மீன்கழிவைத் தின்னாது. தன் கழிவையும் சேர்த்துவிடும். ஓரடிக்கு மேல் வளர்ந்ததும், கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியில் விடுகிறார்கள். தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் அது பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. மரக்காணத்தை அடுத்த கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அதில் கலக்கும் நன்னீர் ஏரிகளில் இம்மீனை விடுவது இரக்கமாகாது. வளர்க்க இயலாதவர் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கட்டும். அதைவிட, வாங்காமலே இருக்கட்டும்.