மார்க்கைக் காட்டுங்கள்

என் அத்தை மகள் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் கடைசிப் பத்துப் பேரில் ஒருத்தியாக வந்தாள். எந்தப் போட்டி, எந்த வருஷம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்த ஒரு மாதம் எங்கள் தாமானுக்கே வேறு பேச்சு இல்லை. அத்தை டாப்-அப் வாங்கியே இருநூறு வெள்ளிக்கு மேல் விட்டார். மாமா வேலையிடத்தில் எல்லார் கைப்பேசியையும் கேட்டு வாங்கிக் குறுஞ்செய்தி அனுப்பினார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் அறை அறையாகப் போய் ஓட்டுக் கேட்டேன். மூன்றாவது சுற்றில் அவளை வெளியேற்றினார்கள். நடுவர் சொன்னது ஒரே வரி: "நல்லாப் பாடினம்மா, ஆனா ஃபீல் பத்தல." மாமா போன் போட்டு, மார்க் எவ்வளவு, ஓட்டு எவ்வளவு என்று கேட்டார். "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவள் கோயில் திருவிழாவில்கூடப் பாடவில்லை.

அவளுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்று சுருதி விலகியிருக்கலாம். நியாயமாகவே தோற்றிருக்கலாம். ஆனால் எதில் தோற்றாள், எவ்வளவில் தோற்றாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. என் கோபம் அதுதான்.

போட்டி முடிந்த மறுநாள் மாமாக் கடையில் நாம் போடும் சண்டை எப்போதும் ஒன்றுதான்: "நடுவர் வேண்டியவனைத் தூக்கிவிட்டுட்டாரு." இது பாதி உண்மை, பாதி வெட்டிப் பேச்சு. சாய்வு இல்லாத காது கிடையாது. நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளன். ஒரு பாகம் சரியில்லை என்று ஒதுக்குவதற்கு முன்னால் அளக்கிறவரையே நாங்கள் சோதிப்போம். பத்துப் பாகங்கள், மூன்று பேர். ஒவ்வொருவரும் அடுத்தவர் எண்ணைப் பார்க்காமல், வரிசையை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை அளப்பார்கள். ஒரே ஆள் ஒரே பாகத்துக்கு இரண்டு விதமாக எண் கொடுத்தால் பாகத்தைக் குறை சொல்ல மாட்டோம், அளவையைச் சரிசெய்வோம். இரும்புத் துண்டுக்கே இவ்வளவு மரியாதை.

பெல்ஜியத்தில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டி உலகின் மிகக் கடினமான போட்டிகளில் ஒன்று. பியானோ இறுதிச் சுற்றுக்கு வரும் 12 பேர், நாளுக்கு இரண்டு பேராக ஒரு வாரம் வாசிப்பார்கள். யார் எப்போது என்பது குலுக்கல்தான். அதன் முடிவுகளைப் பொருளியலாளர்கள் அலசியபோது, வாரத்தின் பிற்பகுதியில் வாசித்தவர்கள் மேலிடம் பிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அங்கே யாரும் லஞ்சம் வாங்கவில்லை. உலகத்தரமான காதுகளும் சாயும், அவ்வளவுதான். மார்க் பதிவில் இருந்தால் சாய்வை அளக்கலாம். அளந்தால் குறைக்கலாம்.

நம் தொலைக்காட்சிப் போட்டிகள் செய்வதைப் பாருங்கள். முதல் நடுவர் எழுந்து நின்று "புல்லரிச்சிடுச்சு" என்கிறார். அரங்கமே கைதட்டுகிறது. அதன்பிறகு இரண்டாம் நடுவர் போடும் மார்க் அவர் சொந்த மார்க்கா? 'தி வாய்ஸ்' மாதிரியான நிகழ்ச்சியில் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அது முதல் சுற்றோடு சரி. பிறகு நடுவரே அணித் தலைவர். தன் குதிரை ஓடும் பந்தயத்தில் அவரே தீர்ப்பும் சொல்கிறார்.

மக்கள் ஓட்டு இதையெல்லாம் சரிசெய்யும் என்பார்கள். 2005இல் அக்காடமி ஃபான்டாசியாவில் மாவி வென்றபோது நான் ஆரம்பப்பள்ளி மாணவன். நாடே குறுஞ்செய்தி அனுப்பியது நினைவிருக்கிறது. ஒரே ஆள் காசு இருக்கும்வரை ஓட்டுப் போடலாம் என்றால் அதற்கு ஏலம் என்று பெயர். என் அத்தை இருநூறு வெள்ளிக்கு ஏலம் கேட்டார். இன்னொருவர் இரண்டாயிரத்துக்குக் கேட்டிருப்பார். பாட்டுக்கு அதில் என்ன வேலை?

கொரியாவுக்கு வருகிறேன். 2019 ஜூலையில் 'ப்ரொடியூஸ் எக்ஸ் 101' நிகழ்ச்சியின் இறுதிச் சுற்று முடிந்தது. போட்டியாளர்கள் வாங்கிய ஓட்டு எண்ணிக்கையை அறிவித்தார்கள். ரசிகர்கள் உட்கார்ந்து கழித்துப் பார்த்தார்கள். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 29,978. இன்னோர் இடத்திலும் 29,978. மறுபடியும் அதே 29,978. லட்சக்கணக்கான உண்மையான ஓட்டுகளில் இப்படி வராது என்று புரிய இயற்பியல் பட்டம் தேவையில்லை. போலீஸ் வந்தது. தயாரிப்பாளர் ஆன் ஜூன் யங் கைதாகி, 2020இல் இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். வெற்றி பெற்ற எக்ஸ்1 குழு ஆறு மாதம்கூட நிலைக்காமல் கலைந்தது. அநியாயமாக வெளியேற்றப்பட்டவர்கள் யார் யார் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பெயர் சொல்லி அறிவித்தது. தோற்றவர்களுக்கு, "குறை உன் மேல் இல்லை" என்று ஒரு நீதிமன்றம் சொன்னது.

அந்தத் திருட்டு ஏன் பிடிபட்டது? எண்ணைக் காட்டியதால். காட்டாமல் "வெற்றியாளர் இவர்" என்று பட்டாசு வெடித்திருந்தால் எல்லாரும் தூங்கப் போயிருப்போம்.

யூரோவிஷன் 2014 முதல் ஒவ்வொரு நடுவரும் யாரை எத்தனையாவது இடத்தில் வைத்தார் என்பதையே வெளியிடுகிறது. 2022இல் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் ஒருவருக்கொருவர் வாக்கை மாற்றிக்கொண்ட மாதிரித் தெரிந்ததும், அமைப்பாளர்கள் அந்த மதிப்பெண்களைத் தூக்கிவிட்டார்கள். நிகழ்ச்சி செத்துப்போகவில்லை. சுவாரசியம்தான் கூடியது.

மறைப்பதால் வென்றவருக்கும் கேடு. விஜய் டிவியின் சூப்பர் சிங்கரில் 2016இல் ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் வென்றார். அவர் ஏற்கெனவே சினிமாவில் பாடியவர், இதை ஏன் முன்பே எங்களுக்குச் சொல்லவில்லை என்று பார்வையாளர்கள் கொதித்தார்கள். விதியில் அதற்குத் தடை இல்லாமல் இருந்திருக்கலாம். மனிதர் நன்றாகத்தான் பாடினார். ஆனால் கோப்பையோடு சந்தேகத்தையும் சேர்த்து அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் வாரமே எல்லார் பின்னணியையும் சொல்லி, ஒவ்வொரு வார மார்க்கையும் போட்டிருந்தால் அவருக்கு அந்த வம்பு வந்திருக்காது.

"சும்மா பொழுதுபோக்குதானே, ஏன்பா இவ்வளவு சீரியஸ்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நமக்குப் பொழுதுபோக்கு. மேடையில் நிற்கிற பதினேழு வயசுப் பிள்ளைக்கு அப்படியா? "கலைக்கு மார்க் போட முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. முடியாதென்றால் போட்டியே வைக்காதீர்கள். வைத்து, போட்டு, அதை மறைப்பதற்குக் கலையைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

இலக்கிய வாசகர்கள் நாம் தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. நம்மூர்ச் சிறுகதைப் போட்டிகளில் எத்தனைக்கு நடுவர் குறிப்பு வெளியாகிறது? பட்டறை நடத்தியவரே நடுவர், அவர் பட்டறையில் இருந்தவருக்கே பரிசு என்று வரும்போது நாம் எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? "தம்பி, நல்ல கதைதான், ஆனா ஏதோ குறையுது" என்ற வரியை நானும் வாங்கியிருக்கிறேன். அந்த 'ஏதோ'வும் அந்த 'ஃபீலும்' அண்ணன் தம்பி.

நான் கேட்பது மூன்று. நடுவர்கள் பேசுவதற்கு முன்னால் தனித்தனியாக மார்க்கை எழுதிக் கொடுக்கட்டும். பயிற்சி கொடுத்தவர், உறவுக்காரர், ஒப்பந்தம் போட்டவர் அந்தச் சுற்றில் விலகட்டும். நிகழ்ச்சி முடிந்த அன்றே எல்லா மார்க்கையும் எல்லா ஓட்டையும் வெளியிடட்டும். ஓட்டும் ஒருவருக்கு ஒன்று. இதற்கு ஒரு எக்செல் தாள் போதும். மேடை விளக்குக்கு ஆகிற செலவில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

போன தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். நான் வந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "பாடு" என்றேன். "வேணாம், எனக்கு ஃபீல் வராது" என்றாள். சுருதிக்குப் பத்துக்கு ஆறு என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், அவள் அந்த நாலைத் தேடிப் பிடித்திருப்பாள்.