முதல்ல இருட்டை வாங்குங்க, திரையை அப்புறம் பாத்துக்கலாம்

புனேல ரெண்டு தமிழ்க் குடும்பம் சந்திச்சா முன்னெல்லாம் பேச்சு நல்ல இட்லி அரிசி எங்க கிடைக்கும்னு ஆரம்பிக்கும். இப்போ "உங்க வீட்டு ஸ்க்ரீன் எத்தனை இன்ச்?"னு ஆரம்பிக்குது. 100னு சொன்னா லேசா உதட்டைப் பிதுக்குறாங்க. 120ன்னா "பரவால்லயே". 150ன்னு ஒருத்தர் சொல்லிட்டா அவர்தான் அன்னிக்குக் கூட்டத்துல ஹீரோ. இத்தனை பேசுறவங்கள்ல ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்க மாட்டேங்குறாங்க: உங்க ஹால்ல விளக்கை அணைச்சா எவ்வளவு இருட்டா இருக்கும்?

அய்யா சாமிகளா, அந்த ஒரு கேள்விதான் எல்லாமே. மிச்சமெல்லாம் கடைக்காரர் அடிக்கிற ஜல்லி.

ப்ரொஜெக்டரால எல்லாக் கலரையும் திரையில போட முடியும், ஒண்ணைத் தவிர. கறுப்பு. கறுப்புன்னு ஒரு வெளிச்சம் கிடையாது. படத்துல கறுப்பா இருக்க வேண்டிய இடத்துக்கு ப்ரொஜெக்டர் வெளிச்சம் அனுப்பாம விட்டுடும், அவ்வளவுதான். அப்போ அந்த இடத்துல உங்களுக்குத் தெரியறது என்ன? உங்க திரையோட நிறம். டியூப்லைட் எரியுற ஹால்ல வெள்ளைத் திரை எப்படித் தெரியுமோ, அதான் உங்க படத்தோட கறுப்பு. ரஜினியோட தலைமுடியும் அந்த நிறம்தான், ராத்திரி வானமும் அந்த நிறம்தான்.

கணக்கு போட்டே பாத்துடலாம். 100 இன்ச் திரை (16:9) அகலம் 87 இன்ச், உயரம் 49 இன்ச், பரப்பு சுமாரா 2.75 சதுர மீட்டர். நிஜமான 1000 லூமென் அது மேல விழுந்தா சுமார் 360 லக்ஸ். ஹால் விளக்குலேருந்து திரை மேல ஒரு 50 லக்ஸ் விழுதுன்னு வெச்சுக்கோங்க. வெள்ளை இருக்குற இடம் 410, கறுப்பு இருக்குற இடம் 50. அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் எட்டே மடங்கு. அதே திரை, அதே ப்ரொஜெக்டர், விளக்கை அணைச்சு கர்ட்டனை இழுத்துவிட்டு அந்த 50ஐ 1 ஆக்கிட்டா? ப்ரொஜெக்டர் தாங்குற வரைக்கும் 360 மடங்கு! பத்து பைசா கூடுதலா செலவு பண்ணி வேற ப்ரொஜெக்டர் வாங்கல. சுவிட்சைத்தான் அணைச்சோம்.

இப்போ அந்த லூமென் உடான்ஸுக்கு வருவோம். அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல பத்தாயிரம் லூமென்னு போட்டிருக்கும். மலிவு எல்இடி ப்ரொஜெக்டர்கள்ல ஆன்ஸி முறைப்படி அளந்தா அது சில நூறுக்கு வந்து நிக்கும். சினிமா தியேட்டருக்கான வெளிச்ச அளவு 14 ஃபுட்-லாம்பர்ட். அந்த வெளிச்சத்தை உங்க வீட்டு 100 இன்ச் திரையில (30 சதுர அடி) கொண்டுவர எவ்வளவு வேணும் தெரியுமா? 420 லூமென். அவ்வளவுதான்! 150 இன்ச்சுக்குப் போனீங்கன்னா பரப்பு ரெண்டே கால் மடங்கு ஆகிடும், அதே வெளிச்சத்துக்கு 940 வேணும். பல்பு பழசாகும், நல்ல கலர் மோடுல வெளிச்சம் குறையும்னு அதுக்கு மேல கொஞ்சம் வெச்சுக்கிட்டாக்கூட பத்தாயிரம் எதுக்கு? கடையில "ஆன்ஸி எவ்வளவு, இல்ல ஐஎஸ்ஓ 21118 படி எவ்வளவு?"னு மட்டும் கேளுங்க. பதில் வந்தா பேசுங்க. "சார், இது ரொம்ப ப்ரைட் சார்"னு வந்தா நடையைக் கட்டுங்க.

அடுத்த உடான்ஸ், ஹை கெயின் திரை. கெயின் 1ன்னா திரை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சமமா திருப்பி அனுப்புதுன்னு அர்த்தம். 1.5, 2ன்னு சொன்னா திரை எங்கேயிருந்தோ வெளிச்சத்தை உற்பத்தி பண்ணலீங்க. ஓரத்துக்குப் போக வேண்டியதைப் பிடுங்கி நடுவுல குடுக்குது. நடு சோபாவுல உக்காந்திருக்குற வீட்டுத் தலைவருக்கு படம் பளீர்னு இருக்கும், ஓரத்துல தரையில உக்காந்திருக்குற பிள்ளைங்களுக்கு மங்கும். படத்தோட நடுவுலயே ஒரு பளபளப்பு தெரியறதும் உண்டு. நம்ம வீட்டுல படம் பாக்குறது ஒத்தை ஆளா? ஊர்லேருந்து மாமனார் மாமியார் வந்திருப்பாங்க, பக்கத்து ஃப்ளாட் குடும்பம் வந்திருக்கும், ஹால் நிறைய ஆள். நமக்கு வேண்டியது 1.0 மேட் வெள்ளை. மலிவும் அதுதான்.

"ஏஎல்ஆர் திரை வாங்கினா பகல்லயே பாக்கலாமாமே?" இதுதான் இப்போதைய ஃபேஷன் கேள்வி. வெளி வெளிச்சத்தை ஓரளவு தவிர்க்குற திரை அது, பொய் இல்ல. ஆனா பால்கனி கண்ணாடிக் கதவு வழியா நேரா திரை மேல விழுற வெயிலை எந்தத் திரையும் விழுங்காது. இன்னொண்ணு, சுவரை ஒட்டிக் கீழே வெக்கிற அல்ட்ரா ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டருக்குன்னு செஞ்ச ஏஎல்ஆர் திரை, கீழேருந்து வர்ற வெளிச்சத்தை ஏத்துக்கும், மேலேருந்து வர்றதைத் தள்ளிவிடும். சீலிங்ல தொங்குற சாதாரண ப்ரொஜெக்டருக்கு அதைப் போட்டா, அது தள்ளிவிடறது உங்க படத்தைத்தான். தெரிஞ்ச குடும்பம் ஒண்ணுக்கு ஒரு கடையில இப்படியே தலையில கட்டிட்டாங்க. ப்ரொஜெக்டரைவிட திரை விலை அதிகம், படம் மங்கல். திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம்.

இன்ச் மோகத்துக்கு மருந்து ஒரு டேப். சோபாவுலேருந்து சுவர் வரைக்கும் அளந்து பாருங்க. 100 இன்ச் திரைக்குத் தோதான தூரம் 10 அடிலேருந்து பதிமூணரை அடி வரை. 120 இன்ச்சுக்கு 12 அடிலேருந்து 16 அடி. நம்ம ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஹால்ல சோபாவுக்கும் சுவருக்கும் நடுவுல 10 அடி கிடைச்சாலே யோகம். அதுல 150 இன்ச் மாட்டிட்டு டென்னிஸ் மேட்ச் பாக்குற மாதிரி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டிருக்கணுமா? திரையோட அடிப்பக்கம் தரையிலேருந்து ரெண்டேகால் அடி உயரத்துல இருந்தா, உக்காந்திருக்குறவங்க கண் திரையோட கீழ் மூணுல ஒரு பங்குக்கு நேரா வரும். கழுத்து வலிக்காது. நிறைய வீட்டுல சாமி படம் மாதிரி உசரத்துல மாட்டி வெச்சிருக்காங்க.

நம்ம படங்கள் பெரும்பாலும் சினிமாஸ்கோப். 16:9 திரையில போட்டா மேலயும் கீழயும் ஆறு ஆறு இன்ச் காலியா நிக்கும். இருட்டு ரூம்ல அந்தப் பட்டை கண்ணுக்கே தெரியாது. வெளிச்ச ரூம்ல சாம்பல் பூசின மாதிரி தெரியும். மறுபடியும் பாருங்க, எங்க சுத்தினாலும் இருட்டுலதான் வந்து நிக்குது.

சரி, வாடகை வீட்டுல இதை எப்படிப் பண்றது? நமக்கு 11 மாச அக்ரிமெண்ட். ஆணி அடிச்சா வீட்டுக்காரர் டெபாசிட்டுல கை வெப்பார். அதனால வரிசையா சொல்றேன்.

1. கர்ட்டன். முதல் செலவு இதுதான். பிளாக்அவுட் துணி, ஜன்னலைவிட ரெண்டு பக்கமும் அரை அடி கூடுதலா. ராடுக்கு மேல ஒரு பட்டி. வெளிச்சம் ஒழுகுறது எப்பவும் ஓரத்துலயும் மேலயும்தான்.

2. திரைக்குப் பக்கத்துச் சுவர். திரையிலேருந்து திரும்புற வெளிச்சமே வெள்ளைச் சுவர்ல பட்டுத் திரும்பத் திரை மேல விழும். ரெண்டு பக்கமும் முதல் மூணு நாலு அடிக்கு அடர் நிறத் துணி தொங்கவிடுங்க, தரையில கறுத்த ஜமக்காளம் விரிங்க. படம் முடிஞ்சதும் மடிச்சு வெச்சுக்கலாம்.

3. திரை இல்லாமலேயே ஆரம்பிங்க. ராத்திரி செல்ஃபோன் டார்ச்சை சுவரோட சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, மேடு பள்ளம் எல்லாம் நிழலாத் தெரியும். புட்டி வெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மேட் வெள்ளை எமல்ஷன் ரெண்டு கோட். பளபளக்குற பெயிண்ட் கூடாது. சுத்தி மூணு இன்ச்சுக்குக் கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டுங்க. வெள்ளை அடிச்சதுக்கு எந்த வீட்டுக்காரரும் சண்டைக்கு வர மாட்டார்.

4. ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம். கட்சிக் கூட்டத்துக்குச் சரி. மினுமினுப்புல நடுவுல பளீர்னு அடிக்கும்.

5. திரை வாங்கியே தீரணும்னா அலுமினியச் சட்டத்துல இழுத்துக் கட்டுற வகை. கழட்டினா துண்டு துண்டா வந்துடும், வீடு மாறும்போது எடுத்துட்டுப் போகலாம். துணியைக் குழாய்ல சுத்துங்க, மடிக்காதீங்க. சுருட்டி இழுக்குற மலிவுத் திரை நாளாக ஆக ஓரம் சுருண்டுக்கும், ஃபேன் காத்துல ஆடும். மோட்டார் திரையை ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள பதிக்கச் சொல்லுவாங்க. அது வீட்டுக்காரருக்கு நீங்க குடுக்குற சீர்வரிசை.

6. ஃபேன். நம்ம ஊர்க் கணக்கு எந்த வெளிநாட்டு வீடியோவுலயும் வராது. ப்ரொஜெக்டரை சீலிங்ல மாட்டினா வெளிச்சம் போற வழியில ஃபேன் றெக்கை குறுக்கே வருதான்னு முதல்ல பாருங்க. வந்தா படம் பூரா படபடன்னு அடிக்கும். தாழ்வான மேஜை, இல்ல சோபாவுக்குப் பின்னால ஒரு ஸ்டாண்ட் போதும். திரைக்கு நேரா, சரியா வையுங்க. கோணலா வெச்சுட்டு கீஸ்டோன்ல திருத்தினா பிக்சலைத்தான் பலி குடுக்குறீங்க.

"அதெல்லாம் முடியாதுங்க, எங்க வீட்டுல ஹால்தான் சாப்பாட்டு ரூமும் படிக்கிற ரூமும், விளக்கை அணைக்க முடியாது"ங்கறவங்க கோவிச்சுக்காம டிவி வாங்குங்க. டிவி தானே வெளிச்சம் குடுக்கும், அணைச்சு வெச்சா அதோட முகம் கறுப்பு. விளக்கு எரியுற ஹால்ல 55 இன்ச் டிவி, வெளுத்த 120 இன்ச் சுவரை எப்பவும் ஜெயிக்கும். அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

இதுக்கா இவ்வளவு கோபம்னு கேப்பீங்க. சொல்றேன். வெளியூர்ல இருக்குற நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்ல. பெரிய ஹீரோ படம்னா இங்க தியேட்டருக்கு வரும், சின்னப் படங்கள் எத்தனை வருது? வந்தாலும் எந்த மூலையில, எந்த நேரத்துல? பிள்ளைங்க ஸ்கூல்ல மராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ். தமிழ் காதுல விழுறது நம்ம ரெண்டு பேர் பேச்சுலதான், அதுவும் "சாப்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா"தான். தொடர்ச்சியா ரெண்டரை மணி நேரம் விதவிதமான ஆட்கள், விதவிதமான ஊர்த் தமிழ் பேசிக் கேக்குறது அந்த ஹால்ல மட்டும்தான்.

அங்க படம் வெளுத்துப்போயிருந்தா என்ன ஆகும்? நடிக்கிறவங்க முகம் சரியாத் தெரியாது, கீழ வர்ற வெள்ளை இங்கிலீஷ் எழுத்து மட்டும் பளிச்சுனு தெரியும். பிள்ளை என்ன பண்ணும்? எழுத்தைப் படிக்கும். வசனம் பின்னணி இரைச்சல் ஆகிடும். பத்து நிமிஷத்துல கையில ஃபோன் வந்துடும். விளக்கு எரியுற ரூம்ல ஃபோனும் ஒரு சாமான். இருட்டு ரூம்ல ஃபோன் எடுத்தா பாட்டியே அதட்டுவாங்க.

"நாயகன்" (1987) படத்தையே எடுத்துக்கோங்க. பம்பாய் போன தமிழனோட கதை, நம்ம கதைக்குப் பக்கத்துல வர்றது. பி.சி.ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கிக் குடுத்த படம். பாதி முகம் வெளிச்சத்துல, பாதி முகம் நிழல்ல. அந்த நிழல்தான் அந்த ஆளோட மனசு. டியூப்லைட் ஹால்ல அதைப் போட்டா நிழலும் கிடையாது, மனசும் கிடையாது. சாம்பல் கலர்ல யாரோ பேசிக்கிட்டிருப்பாங்க. "உங்க காலத்துப் படம் இவ்வளவுதானா?"னு பையன் கேட்டா, குத்தம் படத்து மேலயும் இல்ல, பையன் மேலயும் இல்ல.

அதனால இந்தத் தீபாவளி ஆஃபர்ல எதையாவது தூக்கிட்டு வர்றதுக்கு முன்னால ஒரே ஒரு வேலை செய்யுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஹால்ல விளக்கெல்லாம் அணைச்சு, இருக்குற கர்ட்டனை இழுத்துவிட்டு, உள்ளங்கையை முகத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. கைரேகை தெரிஞ்சா எலக்ட்ரானிக்ஸ் கடைப் பக்கம் போகாதீங்க. துணிக்கடைக்குப் போங்க.